ஏழாவது வேக்காடு

மார்ச் 11, செவ்வாய்

முதல் தொட்டி 138. இரண்டாம் தொட்டி 62.

மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் இதேதான். நான்காவது முறை எடுக்கப் போனபோது மேனேஜர் வந்து நின்றார். "மேடம், நல்ல ரிசல்ட் வந்தா சந்தோஷப்படணும். இப்படி முறைச்சுப் பாக்கக் கூடாது" என்றார். சிரித்து வைத்தேன். சந்தோஷப்படுவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சந்தேகப்பட்டாக வேண்டும். பிறவிக் குணம்.

நேற்று மகள் வீட்டுப்பாடத்தைத் தட்டிக் கழிப்பதற்காக என் வேலையைப் பற்றிக் கேட்டாள். தெரிந்தும் சொன்னேன். துணிக்குச் சாயம் போடுகிற இடத்திலிருந்து அழுக்குத் தண்ணீர் வருகிறது. அதைத் தொட்டியில் விட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். எவ்வளவு அழுக்கு மிச்சம் என்பதற்குத்தான் இந்த எண், குறைந்தால் நல்லது. ஆனால் அந்த உயிர்களுக்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். முதல் தொட்டியில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சக்கரங்கள். இரண்டாவதில் அம்மா, அதாவது நான், செய்த உருண்டைகள். தொழிற்சாலையின் கழிவுச் சேறு, பாய்லர் சாம்பல், உடைந்த கண்ணாடியின் தூள், கொஞ்சம் களிமண், கொஞ்சம் மரத்தூள், எல்லாம் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, சூளையில் சுட்டது. மரத்தூள் எரிந்து போன இடமெல்லாம் துளை. துளைக்குள் குடித்தனம்.

"அப்ப நீ கிருமிக்கு வீடு கட்டறியா?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம வீட்டுல பாத்ரூம் குழாய் ஒழுகுது" என்றாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்குக் குழாய் ரிப்பேர் மட்டும் கௌரவக் குறைச்சல்.

மார்ச் 12, புதன்

61.

மார்ச் 14, வெள்ளி

முதலாளி வந்து இரண்டு தொட்டித் தண்ணீரையும் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம். ரெண்டாவது தடவையும் வந்தாத்தான் அது வேலை. இதே மாதிரி இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, பெரிய தொட்டிக்குப் போயிடலாம். ஜூன் வரைக்கும் பாப்போம். வரலேன்னா பிளாஸ்டிக்கை வாங்கிப் போட்டுட்டு சூளைக் கொட்டகையை மூடிடலாம்" என்றார்.

மிக மரியாதையாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

கொட்டகையை மூடினால் எனக்கு ஒன்றும் ஆகாது, பழையபடி பாட்டில் கழுவிக்கொண்டு இருக்கலாம். மூன்று வருட உழைப்பு போகும், அவ்வளவுதான். (அவ்வளவுதானா?) கையால் உருண்டை பிடிக்கிற உருட்டல் அக்கா வேறு வேலை தேடிக்கொள்வாள். சூளை பார்க்கிற பெரியத்தான்? ஐம்பத்தேழு வயதில் அவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்? என் கணவருடைய கூடப்பிறந்த அண்ணன். எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறார். அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

செய்து காட்டுவதில் என்ன சிரமம்? முதல் ஆறு வேக்காட்டில், அதாவது ஆறு முறை சூளையில் சுட்டதில், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சேர்மானம் போட்டுப் பார்த்தோம். சில உதிர்ந்தன, சில கல்லாகின. ஏழாவதில்தான், இப்போது இரண்டாம் தொட்டியில் இருப்பதில்தான், சேர்மானம் கூடி வந்தது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அப்படியே திருப்பிச் செய்ய வேண்டியதுதான்.

மார்ச் 17, திங்கள்

எட்டாவது வேக்காடு. காலை ஒன்பதுக்குச் சூளை போட்டார் பெரியத்தான். அரை மணிக்கு ஒரு முறை சூட்டைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதினார். முத்து முத்தான எழுத்து. ஓர் அடித்தல் கிடையாது.

முன்பெல்லாம் அப்படியில்லை. ஜனவரியில் அதிகாரிகள் பார்வையிட வருகிற அன்று அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்க அடித்தல், திருத்தல், அதன்மேல் டீக்கறை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இது லாக் புக்கா, கோழி கிளறின குப்பையா?" என்று கேட்டுவிட்டேன். உருட்டல் அக்கா, வாட்ச்மேன், மேனேஜர் எல்லார் முன்னாலும். அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நான் மேடம். வேலையிடத்தில் சரி. வீட்டிலும் மேடம். மாடிப்படியில் பார்த்தால், "மேடம், தண்ணி மோட்டார் ஓடிட்டிருக்கு" என்கிறார். சாயங்காலம் கீழே டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருடப் பழக்கம். இவரிடம் சொன்னால், "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை நடுவுல இழுக்காதீங்க" என்று கழன்றுகொள்கிறார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் புத்தகம் சுத்தமாகிவிட்டதே! நான் சொன்னது தப்பில்லையே!

மார்ச் 19, புதன்

எட்டாவது உருண்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன!

ஏழாவது உருண்டைகள் அரை மணி நேரத்தில் முங்கிவிட்டன. இவை ஒரு நாளாகியும் மேலேயே நிற்கின்றன. எடை குறைவென்றால் துளை அதிகம். துளை அதிகமென்றால் வீடு அதிகம். அப்படியானால் இது ஏழாவதைவிட நன்றாக வர வேண்டும். மேலே வலை கட்டி உள்ளே அமுக்கி, மூன்றாம் தொட்டியில் போட்டாயிற்று. உயிர்கள் குடிவந்து பெருக மூன்று வாரம் பிடிக்கும். காத்திருப்போம்.

ஏப்ரல் 7, திங்கள்

மூன்றாம் தொட்டி 133.

தப்பாக எடுத்திருப்பேன் என்று மறுபடி எடுத்தேன். 134.

எப்படி?

ஏப்ரல் 8, செவ்வாய்

மரத்தூளா? பிப்ரவரியில் ஏழாவதுக்கு வந்தது வேறு பட்டறை மூட்டை. சேறா? மழை நின்று சேறு கெட்டியாகிவிட்டதா? தண்ணீரா? உருட்டிய கையா? உருட்டல் அக்காவைக் கேட்டேன். "அப்ப நெழல்ல காய வெச்சோம். இப்ப வெயில்ல வெச்சோம்" என்றாள். அதுவா? அதுவாகக்கூட இருக்கலாமோ?

எல்லாவற்றையும் பிப்ரவரி மாதிரியே செய்வோம் என்றேன். பழைய மூட்டையில் மிச்சமிருந்த மரத்தூள், அதே நிழல், அதே பலகை. அக்கா கேட்டாள்: "அன்னிக்குப் பாடிட்டே உருட்டினேன். அதே பாட்டைப் பாடட்டுமா?"

பாடு என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். பாடியபோது கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் வெட்கக்கேடு.

ஏப்ரல் 10, வியாழன்

ஒன்பதாவது வேக்காடு. ஒரு மணி நேரம் சூளைப் பக்கத்திலேயே நின்றேன். பெரியத்தானுக்கு அது பிடிக்கவில்லை. கைத்துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது அன்னிக்கு ஏதாவது வித்தியாசமா செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"லாக்ல இருக்கு மேடம்."

லாக்கைப் பார்த்தேன். பிப்ரவரி 13. 11.30-க்கு 480 டிகிரி. 12.00-க்கு 600. 12.30-க்கு 715. ஒரு வித்தியாசமும் இல்லை. சூட்டில் கோளாறு இல்லையென்றால் சேர்மானத்தில்தான். எதில் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மிதக்கிறது. சரி, மிதக்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

ஒன்பதாவதும் 129. இரண்டாம் தொட்டி அங்கேயே 60-ல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது.

மேனேஜர், "ஏழாவதை யாராவது மந்திரிச்சு விட்டுட்டாங்களோ?" என்றார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. அதே பொருள், அதே அளவு, அதே கை, அதே சூடு. இதில் எதை நம்புவது? ஒரு வேளை ஏழாவதுதான் தப்போ? வேறெதுவோ அந்தத் தொட்டியில் விழுந்து, உருண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல் தண்ணீர் தெளிகிறதோ? அப்படியானால் மூன்று வருடமாக நான் செய்துகொண்டிருப்பது என்ன?

வீட்டில் மகள் ஏதோ கேட்டாள். எரிந்து விழுந்தேன். தாடையில் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டே எழுந்து போனாள். பிப்ரவரியில் பள்ளிப் படிக்கட்டில் விழுந்து இரண்டு தையல் போட்டது. முகம் சுருங்கினால் அந்தத் தழும்பு மட்டும் தனியாகத் தெரிகிறது.

ஏப்ரல் 30, புதன்

இன்று உருட்டல் அக்கா ஒன்று சொன்னாள். தொட்டி வலையைச் சரிசெய்துகொண்டே, "என்னமோ மேடம், முங்கினது நல்லா வேலை செய்யுது, மிதக்கறது சோம்பேறியா இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். ஆறு வாரமாக என் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது. ஏன் மிதக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. உள்ளே காற்று இருப்பதால் மிதக்கிறது. உள்ளே காற்று இருக்கிறதென்றால் தண்ணீர் உள்ளே போகவில்லை! அறைகள் ஏராளமாக இருக்கின்றன, வாசல்தான் இல்லை. பூட்டிய வீட்டில் யார் குடிவருவார்கள்?

ஏழாவது உருண்டையை இதுவரை உடைத்துப் பார்த்ததில்லை. இருப்பது ஒரு தொட்டி அளவுதான், பொன் மாதிரி காத்து வைத்திருந்தேன். இன்று ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே நடு வரைக்கும் ஒரே செங்கல் நிறம், நடு வரைக்கும் ஈரம், வழவழப்பு. குடிவந்துவிட்டார்கள். ஒன்பதாவதை உடைத்தேன். வெளியே ஓடு கண்ணாடி போலப் பளபளத்தது. நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு கரிப்பொட்டு. உலர்ந்த கரி.

மரத்தூள் முழுசாக எரியவில்லை. எரிந்து முடிப்பதற்குள் கண்ணாடித்தூள் உருகி வெளியே மூடிக்கொண்டது. ஏழாவதில் மட்டும் மூடிக்கொள்வதற்கு முன் எரிய நேரம் கிடைத்திருக்கிறது. அப்படியானால் வித்தியாசம் சேர்மானத்தில் இல்லை, சூட்டில்தான்.

ஆனால் லாக்கில் சூடு ஒன்றேதான்.

மே 2, வெள்ளி

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நான்கு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 480, 600, 715. 480, 600, 715. 480, 600, 715. 480, 600, 715.

எந்தச் சூளை இப்படி எரியும்? வெயில் நாளும் குளிர் நாளும், கரண்டு கூடக் குறைய வரும் நாளும் ஒரு டிகிரிகூட மாறாமல்?

இந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் மூன்று மாதமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அவரிடம் நேரே போய்க் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார்? லாக்ல இருக்கு மேடம்.

மே 4, ஞாயிறு

பள்ளியில் தடுப்பூசி விவரம் கேட்டிருக்கிறார்கள். மகளின் மருத்துவக் கோப்பைக் குடைந்தபோது அந்தச் சீட்டு கிடைத்தது. தாடைக்குத் தையல் போட்ட கிளினிக் சீட்டு. இதுவரை நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13. நேரம் 12.05. உடன் வந்தவர்: பெரியப்பா. கீழே கையெழுத்து. முத்து முத்தாக.

பன்னிரண்டு ஐந்துக்கு அவர் கிளினிக்கில் இருந்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு 600, பன்னிரண்டரைக்கு 715 என்று சூளை முன்னால் உட்கார்ந்து எழுதியது யார்?

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஸ்கூல்லதான் கூட்டிட்டுப் போனாங்க என்றாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். "பெரியப்பாதான் சொல்ல வேணாம்னு சொன்னாரு. அம்மா திட்டுவான்னு" என்றாள்.

"உன்னையா?"

"அவரை."

மே 5, திங்கள்

வாசலில் வாட்ச்மேனின் கேட் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோணல்மாணலான எழுத்து, ஏகப்பட்ட அடித்தல், ஒரு இடத்தில் நசுங்கிய கொசு. பிப்ரவரி 13. வெளியே 11.35. உள்ளே 1.50. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: குழந்தை.

"என்ன மேடம், எதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை என்றேன். இந்த நோட்டை மட்டும் நான் ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. நல்லவேளை.

அன்று என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். மேனேஜருடன் மீட்டிங். போன் மேஜை இழுப்பறையில். லேபில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். இரண்டு மணிக்குப் பார்த்தபோது பள்ளியிலிருந்து நான்கு அழைப்பு. பதறிப் போய்த் திரும்பக் கூப்பிட்டேன். "தையல் போட்டாச்சுங்க, பாப்பா நல்லா இருக்கா, வகுப்புல உக்காந்திருக்கா" என்றார்கள். அப்பாடா என்று போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

யார் கூட்டிப் போனாங்கன்னு நான் கேக்கவே இல்லையே. ஒரு வார்த்தை கேக்கலையே.

மே 6, செவ்வாய்

கேட்கவில்லை.

மே 7, புதன்

இன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, மரத்தூள் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என்னவென்று கேட்பது? பொய்க் கணக்கு எழுதினீர்களா என்றா? என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களா என்றா? அதிகாரியாகப் போய் நின்றால் அவர் மேடம் என்பார். தம்பி மனைவியாகப் போய் நின்றால் ஒன்றும் நடக்கவில்லை என்பார். நான் யாராகப் போவது? எனக்கு உண்மை வேண்டியது உருண்டைக்காகவா, வேறெதற்காகவுமா? அதுவே குழப்பமாக இருக்கிறது.

மே 8, வியாழன்

கேட்டுவிட்டேன்.

கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார். கிளினிக் சீட்டை எடுத்து லாக் புத்தகத்தின் மேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"ஸ்கூல்ல இருந்து உங்களுக்குப் போட்டுப் பாத்துட்டு எனக்குப் போட்டாங்க. தம்பி எங்கயோ பத்தாவது மாடியில லிஃப்டுக்குள்ள. ரத்தம் நிக்கலேன்னாங்க. நான் என்ன பண்றது? ஓடினேன்" என்றார்.

"சூளை?"

"எரிய விட்டுட்டுப் போக முடியுமா? சுவிட்சை அணைச்சேன். மேல் மூடியத் தெறந்து வெச்சேன், சூடு மெதுவா எறங்கட்டும்னு. வந்து பாத்தா முந்நூத்தம்பதுல நின்னுச்சு. மூடியப் போட்டுட்டு திரும்ப ஏத்தினேன். அன்னிக்கு முடிக்க ஏழு மணி ஆச்சு."

"எழுதியிருக்கலாமே அத்தான்?"

"எங்க எழுதறது?" குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நடுவுல நிறுத்தினேன்னு எழுதினா அடிச்சுத்தான எழுதணும்? அடிச்சு எழுதினா கோழி கிளறினதுன்னு சொல்றீங்க. ஆறாவது பக்கத்தைப் பாத்து அப்படியே எழுதிட்டேன். நீங்களும் நல்லா இருக்குன்னீங்க."

ஆமாம். நன்றாக இருக்கிறது என்றேன். மேனேஜரிடம் காட்டிக்கூடப் பெருமைப்பட்டேன்.

"எட்டாவது, ஒம்பதாவது?"

"அஞ்சு பத்து டிகிரி முன்னப் பின்ன இருக்கும். அதே நம்பரைப் போட்டுட்டேன். எதுக்கு வம்புன்னு."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், இது என் டைரி. அழுகை வருவதற்கு ஒரு விநாடி முன்னால் மண்டையில் வேறொன்று பளிச்சென்றது: மூடி திறந்திருந்தது. காற்று போயிருக்கிறது. இரண்டேகால் மணி நேரம், உருகுகிற சூட்டுக்குக் கீழே, நல்ல காற்றில் மரத்தூள் நிதானமாக எரிந்து முடிந்திருக்கிறது. அப்புறம்தான் சூடு ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் என் குழந்தையின் தாடை ஞாபகத்துக்கு வந்தது, அத்தான் சட்டையில் ரத்தம் பட்டிருக்குமே என்று தோன்றியது. நான் என்ன ஜென்மம்?

"என்னை மன்னிச்சிடுங்க அத்தான்" என்றேன். அவர் பதற்றத்துடன், "சேச்சே, என்ன மேடம் இது, யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க" என்றார்.

இன்னமும் மேடம்.

மே 12, திங்கள்

பத்தாவது வேக்காடு. சேர்மானம் அதே. 480 வந்ததும் சுவிட்சை அணைத்து மேல் மூடியைத் திறக்கச் சொன்னேன். அவருக்குக் கை வரவில்லை. "வேணும்னே நிறுத்தறதா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

இரண்டேகால் மணி நேரம் இருவரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். சூளைக்கு முன்னால் ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குப் பெரிய தண்டனை. நடுவில் மெதுவாக, "அன்னிக்கு ஊசி போடறப்ப பாப்பா அழவே இல்ல. என் விரலைத்தான் முறிச்சுட்டா" என்றார். விரலை மடக்கிக் காட்டினார். பன்னிரண்டு வாரம் கழித்து இந்தச் செய்தி எனக்கு வந்து சேர்கிறது.

மே 13, செவ்வாய்

முங்கியது. இருபத்தைந்து நிமிடத்தில், ஒவ்வொன்றாக. உருட்டல் அக்கா கை தட்டினாள். நான் தட்டவில்லை. தொட்டியில் போட்டு மூன்று வாரம் போகட்டும்.

மே 27, செவ்வாய்

97. இறங்குகிறது. இப்போதே எதுவும் நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

64.

மூன்று முறை. 64, 64, 65.

சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இருக்கிறது. ஆனால் நான் கண்டுபிடித்த மாதிரி இல்லை. பெரியத்தான் கண்டுபிடித்த மாதிரியும் இல்லை. படிக்கட்டில் ஒரு குழந்தை கால் தடுக்கி விழுந்தது, அவ்வளவுதானே? இதற்கு என்ன பெயர்?

ஜூன் 5, வியாழன்

முதலாளிக்கு ரிப்போர்ட். மேனேஜர், "நாமளே யோசிச்சு நடுவுல நிறுத்தினதா எழுதிடலாம் மேடம். பழைய கதையெல்லாம் எதுக்கு?" என்றார். பெரியத்தானும் வேண்டாம் என்றார். அவருக்கு வேலை பற்றிய பயம்.

ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். மறைத்தால் அவர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். ஆனால் அப்புறம் அந்த ரிப்போர்ட்டும் 480, 600, 715 மாதிரிதான் இருக்கும். கடைசியில் எழுதினேன்: "ஏழாவது வேக்காட்டின்போது சூளைப் பணியாளர், என் மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்காக 11.35-க்குச் சூளையை அணைத்தார். திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்று நான் கண்டித்திருந்ததால் அது பதிவாகவில்லை. பள்ளியிலிருந்து நான்கு முறை அழைத்தும் நான் போனை எடுக்கவில்லை."

மேனேஜர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அந்தக் கடைசி வரி டெக்னிக்கல் விஷயம் இல்லையே மேடம்?"

யோசித்தேன். பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தேன். புதிதாகத் தட்டச்சு செய்யவில்லை. அடித்தது தெரிகிற மாதிரியே கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

முதலாளி படித்தார். பெரியத்தானைக் கூப்பிட்டனுப்பினார். "பாப்பா இப்ப நல்லா இருக்கா?" என்று அவரிடம் கேட்டாராம். பிறகு, "பெரிய தொட்டிக்கு எத்தனை வேக்காடு வேணும்?" என்றாராம். அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

பெரிய தொட்டிக்கு நான்காவது வேக்காடு. பெரியத்தானுக்குப் பதினொரு மணிக்கு டாக்டர். ரத்தப் பரிசோதனை முடிவு பார்க்க வேண்டுமாம். "நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க" என்று சூளை முன்னால் உட்கார்ந்தேன்.

அரை மணிக்கு ஒரு முறை பார்த்து எழுதுவது ஒரு வேலையா என்று நினைத்திருந்தேன். 11.30-க்கு 480 என்பதை 840 என்று எழுதிவிட்டேன். அடித்தேன். சுவிட்சை அணைத்த நேரத்தை வேறு கட்டத்தில் எழுதிவிட்டேன். அடித்து அம்புக்குறி போட்டேன். பன்னிரண்டுக்குப் பாக்கெட்டில் போன் அடித்தது, பள்ளியிலிருந்து. முதல் மணியிலேயே எடுத்தேன். மகள் வரைபடப் புத்தகத்தை மறந்துவிட்டாளாம், வேறொன்றும் இல்லை. பேசிவிட்டுத் திரும்பினால் பன்னிரண்டு பத்து. அந்தக் கட்டத்தில், "பார்க்கவில்லை. பள்ளியிலிருந்து போன்" என்று எழுதினேன். கை பட்டு மை இழுபட்டுவிட்டது.

பெரியத்தான் ஒன்றே முக்காலுக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"இது லாக் புக்கா, கோழி கிளறின குப்பையா?"

உருட்டல் அக்கா கையிலிருந்த உருண்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மீசைக்குக் கீழே லேசாக ஓர் அசைவு.

என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். சூட்டைப் பார்த்தார். நான் அடித்து வைத்த வரிகளுக்குக் கீழே 1.50 என்று எழுதி, 355 என்று போட்டார். மூடியைச் சாத்தினார், சுவிட்சைப் போட்டார். பிறகு சூளையைப் பார்த்துக்கொண்டே, "சாயங்காலம் டீயில எனக்கு மட்டும் சர்க்கரை போடாதம்மா. டாக்டர் வேணாங்கறாரு" என்றார்.